கடைசியாக வந்தவளுக்குக் கோப்பை

பிப்ரவரி 3, திங்கள்

ஏழாம் நம்பர் டிங்கியை ஜெசிந்தா திருடிவிட்டாள். குலுக்கல் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கிளப்பில் ஒற்றை ஆள் ஓட்டும் சின்னப் பாய்மரப் படகுகள், அதாவது டிங்கிகள், எட்டு இருக்கின்றன. ஏழில்தான் புதுப் பாய். ஆண்டுப் போட்டிக்கு யாருக்கு எந்தப் படகு என்று இன்று சாயங்காலம் கேப்டன் சார் பிளாஸ்டிக் வாளியில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார். அவர் நேவியிலிருந்து ஓய்வு பெற்றவர். சென்னையிலிருந்து வந்து எங்கள் சிப்பித்துறைக் கரையில் இந்தப் பாய்மரக் கிளப்பைத் தொடங்கியவர். வாளியில் முதலில் கை விட்டவள் நான்தான். நாலாம் நம்பர் வந்தது. பாயில் இரண்டு ஒட்டு, சுக்கான் பிடி ஆடும். எல்லோரும் எடுத்து முடித்து மிஞ்சிய சீட்டை ஜெசிந்தா எடுத்தாள். அது ஏழு. கடைசி வரைக்கும் ஏழு எப்படி மிஞ்சும்? யாரும் கேட்கவில்லை. அவள் அப்பா ரொமால்டு முதலாளிக்கு மூன்று லாஞ்சு, கடலடியை வழித்துக்கொண்டு போகிற பெரிய இன்ஜின் படகுகள். கிளப் கட்டடம் நிற்கிற மணலும் அவர் கொடுத்தது. அப்புறம் யார் கேட்பார்கள்.

இந்த வருஷம் ஜெயிக்கிற ஒரு ஆளை மும்பைக்குப் பயிற்சியாளர் படிப்புக்கு அனுப்புகிறார்கள். முடித்து வந்தால் கிளப்பிலேயே வேலை. ஒரே ஒரு இடம். நான் இப்போது அங்கே படகு கழுவுகிறேன். ஓட்டம் முடிந்து ஜெசிந்தா இறங்கிப் போனதும் அவள் காலில் ஒட்டி வந்த மணலைக் குழாய் வைத்து அடித்து விடுகிறவள் நான். அவள் தூத்துக்குடியில் பி.காம். படிக்கிறாள். படிப்பு முடிந்தால் மாப்பிள்ளை வருவான், கார் வரும். அவளுக்கு மும்பை எதற்கு?

பிப்ரவரி 5, புதன்

காலையில் மாமாவின் வலையில் நண்டு பிரித்தேன். கையில் இரண்டு இடத்தில் கடி.

தொம்மை மாமா அம்மாவின் தம்பி. அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனதிலிருந்து நான் மாமா வீட்டில்தான் இருக்கிறேன். மாமா ஒரு காலத்தில் சங்கு குளித்தவர். கம்ப்ரசர் குழாயை வாயில் வைத்துக்கொண்டு ஆழத்தில் கிடந்து கிடந்து ஒருநாள் மேலே வந்தபோது வலது கால் வரவில்லை. மரத்துவிட்டது. கரையில் இழுத்து இழுத்து நடப்பார். இப்போது வத்தை என்கிற சின்ன ஃபைபர் படகு ஒன்றில் தனியாகப் போய்க் கரையோரத்தில் நண்டு வலை விடுகிறார்.

சாயங்காலம் பயிற்சி. ஜெசிந்தா என்னைத் தாண்டும்போது, "ஏட்டி எம்ரி, ஏன் எப்பவும் மொறைச்சுக்கிட்டே ஓட்டுத? காத்து பயந்து ஓடிரும்லா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எமரென்சி என்ற என் பெயரை எம்ரி ஆக்கியது அவள்தான், ஆறாம் வகுப்பில். அப்போது ஒரே பெஞ்சு. அவள் டிபனில் பாதி எனக்கு. பாதி என்றால் அவள் தின்று மிஞ்சியது.

பிப்ரவரி 8, சனி

காற்று இல்லை. ஜெசிந்தா புதுக் கையுறை வாங்கியிருக்கிறாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பூசை முடிந்து ஊர்க் கமிட்டியில் அறிவிப்பு. போட்டி பதினாறாம் தேதி ஞாயிறு இல்லை, பதினைந்து சனிக்கிழமையாம். தலைமை தாங்க வருகிற பெரிய அதிகாரிக்கு ஞாயிற்றுக்கிழமை தோதுப்படவில்லை.

ஞாயிறு எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். அதனால்தான் ஒவ்வொரு வருஷமும் போட்டி ஞாயிற்றில். கடல் காலியாக இருக்கும். இப்போது அதிகாரிக்காகச் சனிக்கிழமை கடலைக் காலி செய்ய வேண்டும். போட்டி முடிகிற வரைக்கும் கரையோரத்தில் எந்த வத்தையும் இறங்கக் கூடாது என்று கமிட்டி சொல்லிவிட்டது. லாஞ்சுகளுக்குத் தடை இல்லை, அவை ஆழத்துக்குப் போகின்றனவாம். ஒரு லாஞ்சு விருந்தாளிகளை ஏற்றப் போகிறதாம். யாருடையது என்று எழுத வேண்டுமா?

மாமி வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தாள். "ஒரு நா கடலுக்குப் போவலன்னா நம்ம ஒலைய அந்த ஆபிசரா வந்து வைப்பாரு? வெளையாட்டுக்காரனுக்கு வழி விடணுமாம், வயித்துக்காரன் ஒதுங்கணுமாம்."

"மெல்லப் பேசு புளோரா" என்றார் மாமா.

"மெல்லப் பேசித்தான் எல்லாத்தையும் குடுத்தாச்சே. வத்தைய இழுத்து வைக்க மணல் இருந்துச்சு, அதையும் கிளப்புக்குக் குடுத்தாச்சு. இவ அங்க போயி படகு கழுவுதா."

மாமி சொல்வது முழுக்க உண்மை. இந்த ஊரில் கடல் யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் எல்லோரும் மாதாவைக் காட்டுவார்கள். ஆனால் கடலைத் திறப்பதும் மூடுவதும் ரொமால்டு வீட்டு வராந்தாவில்தான் நடக்கிறது. நான் பயிற்சியாளர் ஆனால் கிளப்பில் முதலில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத்தான் டிங்கி.

சனிக்கிழமை வாடைக்காற்று நன்றாக இருக்கும் என்கிறார்கள். நாலாம் நம்பர் கனம் கூடுதல், பலத்த காற்றில் நின்று போகும். ஒரு வகையில் நல்லதுதான்.

பிப்ரவரி 13, வியாழன்

சுக்கான் பிடியைக் கம்பி போட்டு இறுக்கிக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா வந்து பக்கத்தில் குந்தினாள். முகமெல்லாம் வெள்ளையாகக் கிரீம்.

"கம்பி அறுந்துருமே. எங்கிட்ட போல்ட் இருக்கு. தரட்டா?"

"வேண்டாம்."

"வேண்டாம்னா போ. நான் என்ன சும்மாவா தாரேன், கடனாத்தான்." சிரித்தாள். பிறகு, "எம்ரி, ஜெயிச்சா நீ மும்பைக்குப் போவியா? பாஷை தெரியாம என்னட்டி செய்வ?" என்றாள்.

"ஒனக்குத் தெரியுமோ?"

"எனக்கும் தெரியாது. ஆனா எனக்கு எங்கயாச்சும் போயிரணும்."

வீட்டில் ஏசி வைத்துக்கொண்டு எங்கேயாவது போய்விட வேண்டுமாம். இதைவிட ஒரு திமிர் உண்டா?

பிப்ரவரி 14, வெள்ளி

மாமா மண்ணெண்ணெய் கேனை நிரப்பி வைத்தார். "நாளைக்கு யாரும் எறங்கக் கூடாதுன்னாங்களே" என்றேன்.

"இன்னைக்கு விட்ட வலை கெடக்குல்லா மக்ளே. எடுக்காம விட்டா நண்டு செத்து நாறிரும். வலையும் கெட்டுரும். கருக்கல்ல போயி ஒங்க கூத்துக்கு முன்னாடி வந்துருவேன்."

கமிட்டிக்குத் தெரிந்தால் தண்டம் போடுவார்கள். நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

பிப்ரவரி 15, சனி

ஜெயித்துவிட்டேன்.

எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். கிளப் பின்பக்கம், படகுக் கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உடம்பெல்லாம் உப்பு.

வாடை சுத்தமாக அடித்தது. இரண்டு சுற்று. கரையிலிருந்து வடக்கே ஒரு போயா, அதாவது மிதவை, அங்கிருந்து கடலுக்குள் இன்னொரு போயா, அதைச் சுற்றித் திரும்பக் கரை. புதுப் பாய் இருப்பதால் ஜெசிந்தா தொடக்கத்திலேயே முன்னால் போய்விட்டாள். முதல் சுற்று முடியும்போது மற்ற எல்லோரும் எனக்கு ரொம்பப் பின்னால். இரண்டாவது சுற்றில் எனக்கு முன்னால் ஏழாம் நம்பர் மட்டும். கிட்டத்தட்டச் சமமாகத்தான் போனோம். அவள் ஒரு ஆறேழு படகு நீளம் முன்னால் இருந்திருப்பாள்.

ரொமால்டு முதலாளியின் லாஞ்சில் விருந்தாளிகள். மேலே பந்தல், நாற்காலி, முகப்பில் வாழைமரம். ஆட்களைக் காப்பாற்ற வேண்டிய பாதுகாப்புப் படகுகூட அவர்களுக்கு வடையும் காப்பியும் கொண்டு போய்க்கொண்டிருந்தது. போயாவை எப்படிச் சுற்றுகிறார்கள் என்று கிட்டத்தில் பார்க்க ஆசைப்பட்டார்களோ என்னவோ, லாஞ்சு முழு வேகத்தில் கரைப்பக்கம் வந்து வளைந்து திரும்பியது. அது கிளப்பிய அலையில் என் டிங்கி ஒருக்களித்துப் பாயின் அடிக்கட்டை தண்ணீரைத் தொட்டது. கம்பி தாங்கியது.

அதற்குக் கொஞ்ச நேரத்தில் ஜெசிந்தா படகைக் காற்றுக்கு எதிரே திருப்பினாள். பாய் படபடவென்று அடித்தது. ஓடுகிற ஓட்டத்தில் படகை நிறுத்துகிறவள் உண்டா? என்ன கோளாறோ. நான் அவளைத் தாண்டினேன். தாண்டும்போது, "எம்ரி, எம்ரி" என்று கத்தினாள். தோற்கிறவர்கள் கத்துவார்கள். வலது பக்கம் ஏதோ சத்தம். நான் வலது பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் உடம்பின் எடை மாறும், படகு வேகம் குறையும். கேப்டன் சார் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. நான் போயாவைத்தான் பார்த்தேன். போயாவை மட்டும்தான்.

கரையில் எங்கள் தெருப் பெண்கள் குலவை போட்டார்கள். கேப்டன் சார் கை கொடுத்தார். கடைசியாக எப்போது இப்படி நெஞ்சு நிறைந்தது என்று நினைவில்லை.

அதே நாள், சாயங்காலம்

கோப்பையை ஜெசிந்தாவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எட்டுப் படகில் எட்டாவதாக வந்தவளுக்கு. கருக்கலில் போய் இன்னும் திரும்பாத மாமாவின் வத்தை கவிழ்ந்து அவர் தண்ணீரில் கிடந்தாராம். ஜெசிந்தா டிங்கியை அவர் பக்கம் கொண்டுபோய், அவரைப் படகு விளிம்பில் பிடிக்க வைத்து, வடைப் படகு வந்து தூக்குகிற வரைக்கும் நின்றாளாம். ஓட்டத்தின் நடுவில் ஆபத்தில் இருக்கிறவருக்கு உதவப் போனால், போனவர் இழந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்க விதி உண்டாம். நிறுத்தின நேரத்தில் ஜெசிந்தாதான் முதலில் இருந்தாள், ஆகவே முதல் இடம் அவளுக்கு, எமரென்சி இரண்டாவது என்று கேப்டன் மைக்கில் சொன்னார். எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். அதிகாரி அவள் தலையில் கை வைத்தார். ரொமால்டு முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கவிழ்த்தது அவர்கள் லாஞ்சு. தூக்கியது அவர்கள் பெண். கோப்பையும் அவர்களுக்கு.

வீட்டுக்கு வந்தேன். மாமா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குடித்த உப்புத் தண்ணீரை இரண்டு தடவை கக்கினாராம். மாமி சுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன். மாமாதான் பேசினார்.

"நாலாம் நம்பர் பாயி நல்லா நின்னுச்சு மக்ளே. ஒட்டுப் போட்டதே தெரியல."

மாமா யாரையும் லேசில் பாராட்ட மாட்டார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலைவலி.

சாமியார் பிரசங்கத்தில் ஜெசிந்தாவைப் பற்றிச் சொன்னாராம். மாமி வந்து சொன்னாள். அடுத்து அவளுக்குக் கோவில் கட்டுவார்கள்.

பிப்ரவரி 17, திங்கள்

கிளப்பில் ஏழாம் நம்பரைக் கழுவினேன். விளிம்பில் நீளமாக ஒரு கீறல். மாமா நகமோ, வத்தை உரசியதோ. தேய்த்தும் அது போகவில்லை.

பிறகு கேப்டன் சார் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். நின்றேன்.

"சார், முடிவு தப்பு."

"ஏம்மா? கரேஜ் காட்டின பொண்ணு அவ. அதுவும் ஒங்க மாமாவையே காப்பாத்திருக்கா. நீ சந்தோஷப்படணும்."

"ஆபத்தில இருந்தாத்தான சார் விதி? அவரு கடல்லயே பொறந்தவரு. வத்தை கவுந்தா நிமுத்தி ஏறிருவாரு. ஊர்ல எல்லாரும் அப்படித்தான். அவரு யாரையும் கூப்புடல. துடுப்புல சட்டையக் கட்டி நிமுத்தினது எல்லாம் சும்மா. வலை கெடக்கு, வெலகிப் போங்கன்னு காட்டுறதுதான். நீலக் கட்டம் போட்ட சட்டை, கொடின்னுதான் எவனும் நெனப்பான்."

கேப்டன் பேனாவை வைத்தார்.

"எந்தச் சட்டை?"

"அதான் சார், துடுப்புல."

"ஜெசிந்தா சட்டை, கொடி எதுவும் சொல்லலையே. அவ போறப்ப துடுப்பே தண்ணில மெதந்துட்டு இருந்துச்சுன்னா."

"ஊருல பேசிக்கிட்டாங்க சார்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். நேவிக்காரர்களுக்கு எல்லோரையும் இப்படிப் பார்த்தே பழக்கம். அந்த அறையில் ஃபேன் வேறு ஓடவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். "சரி. உனக்கு அப்ஜெக்‌ஷன் இருந்தா நான் மறுபடி விசாரிக்கத்தான் வேணும், ரூல் அப்படி. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குக் கிளப் கமிட்டி. உங்க மாமாவே நேர்ல வந்து, எனக்கு ஆபத்து ஒண்ணும் இல்ல, உதவி தேவைப்படலன்னு சொல்லட்டும். சொன்னா ஜெசிந்தாவுக்கு அந்த இடத்தைத் தர முடியாது. நீதான் ஃபர்ஸ்ட். ஆனா ஒண்ணும்மா."

"சொல்லுங்க சார்."

"அவர் அப்படிச் சொல்லுவாரா?"

சொல்லுவார். ஏன் சொல்ல மாட்டார்?

பிப்ரவரி 18, செவ்வாய்

வத்தையை இழுத்து வந்துவிட்டார்கள். இடது பக்கம் வாய் பிளந்த மாதிரி விரிசல். வலை போனது போனதுதான். ஊர்க் கமிட்டி தண்டம் போடவில்லை. ஜெசிந்தாவுக்காக மன்னித்தார்களாம்.

மாமி கொடியில் துணி தேடினாள். "ஏங்க, அந்த நீலக் கட்டம் போட்ட சட்டை எங்க?"

"கடல்ல போச்சு."

"நல்ல சட்டையாச்சே. கழட்டி எதுக்கு வச்சீய?"

நான் தண்ணீர் எடுக்கக் குடத்தோடு போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது மாமி புடவையை மாற்றிக்கொண்டு தயாராக நின்றாள். "ஏட்டி, ஒனக்குத்தான எழுதத் தெரியும். ஒரு பேப்பர எடு. போலீசுல எழுதிக் குடுப்போம். கரையோரம் லாஞ்சு வரக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்லா? வந்து மனுசனக் கவுத்துட்டுப் போயிருக்கான். இந்தக் கால வச்சுக்கிட்டு தண்ணிக்குள்ள எம்மட்டு நேரம் கெடந்துருக்காரு, இன்னும் கொஞ்சம் விட்டா நான் தாலி அறுத்துருப்பேன். அப்படியே எழுது."

நான் பேப்பரை எடுக்கவில்லை.

"இப்ப வேண்டாம் மாமி."

"ஏன் வேண்டாம்?"

"வெள்ளிக்கிழமை போகட்டும்."

"ரொமால்டு பேரச் சொன்னாலே குதிப்ப. ஊரெல்லாம் சுத்தி அவன் லாஞ்சு கடல வழிக்கி, கடல வழிக்கின்னு பேசுவ. இப்ப என்னட்டி வாயில கொழுக்கட்டையா?"

என்ன சொல்வது? லாஞ்சு அலையில் மாமா சாகக் கிடந்தார் என்று எழுதிக் கொடுத்தால் அவர் ஆபத்தில் இருந்தார் என்று ஆகிவிடும். ஆபத்தில் இருந்தார் என்றால் கோப்பை ஜெசிந்தாவுக்கு. மும்பையும் அவளுக்கு. ஆபத்தே இல்லை என்றால் லாஞ்சு என்ன தப்புச் செய்தது? ஒன்றும் இல்லை. ரொமால்டு மீசையை முறுக்கிக்கொண்டு போவான்.

இதை மாமியிடம் எப்படி விளக்குவது? போகட்டும். ரொமால்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நான் பயிற்சியாளர் ஆன பிறகு அவனைக் கேள்வி கேட்க எனக்கு இன்னும் பலம் இருக்கும். அதுதான் சரியான யோசனை.

பிப்ரவரி 19, புதன்

ஜெசிந்தா வீட்டுக்கு வந்தாள். கையில் ஆரஞ்சுப் பை. மாமா கூச்சத்தோடு எழுந்திருக்கப் பார்த்தார். முதலாளி மகள் அல்லவா. மாமி அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். நேற்று அவள் அப்பனைச் சபித்த அதே கை.

வெளியே வந்ததும் கேட்டேன். "எல்லாம் சொன்னியே, ஒங்க லாஞ்சு வந்து அலையக் கெளப்புனத ஏன் சொல்லல?"

முகம் சுண்டியது. கிரீம் இல்லாத முகம். "சொன்னா அப்பா என்ன மும்பைக்கு விடுவாரா?"

"அப்ப நீ செஞ்சது பெரிய புண்ணியம்."

"புண்ணியம்னு நான் சொன்னேனா? ஒங்க மாமா மூழ்கிக்கிட்டு இருந்தாரு, போனேன். வேற என்ன செய்ய? ஒனக்கு லாஞ்சப் பத்திச் சொல்லணும்னா நீ சொல்லு எம்ரி. நீயும்தான அங்க இருந்த. நான் ஒன்னத் தடுக்கல. கேப்டன்ட்ட போயிச் சொல்லு."

நான் காலால் மணலைத் தள்ளினேன்.

"முடியாதுல்லா?" என்றாள். "எனக்கும் முடியல." கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தாள். "நான் ஒன்னக் கத்திக் கூப்புட்டது ஒனக்குக் கேக்கலையா?"

"காத்துல எப்படிக் கேக்கும்?"

"ரெண்டு பேரா இருந்தா அவர லேசாத் தூக்கிருக்கலாம். அவரு கால் ரெண்டு தடவ படகுக்கு அடியில போயிட்டு. எனக்குக் கை விட்டுப் போச்சு."

அவள் குரல் நடுங்கியது. ஒருவேளை நடிப்பாக இருக்கலாம். கோப்பை வாங்கியவளுக்கு அழுகையும் நன்றாக வரும். ஆரஞ்சைத் தொட மாட்டேன் என்று இருந்தேன். ராத்திரி சாப்பாட்டுக்கு மாமி உரித்துத் தட்டில் வைத்துவிட்டாள். புளிப்பு.

பிப்ரவரி 20, வியாழன்

மாமா வீட்டுக்குப் பின்னால் வத்தையைக் கவிழ்த்துப் போட்டு விரிசலைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்த பிறகுதான் பசை பிடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மும்பை, வேலை, கேப்டன் கேட்பது, ஒரே ஒரு வார்த்தை.

"ஆபத்து இல்லன்னு மட்டும் சொல்லுங்க மாமா. வேற ஒண்ணும் வேண்டாம். ஜெசிந்தாவப் பத்தித் தப்பா ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

தேய்த்தார்.

"அவளுக்கு எல்லாம் இருக்கு. எனக்கு இது ஒண்ணுதான். இது போச்சுன்னா நானும் அம்மா மாதிரி திருப்பூருக்குப் போயி நூல் வெட்டணும். ஒங்களுக்கு அது சம்மதமா?"

உப்புத்தாளை மடித்துப் புதுப் பக்கம் திருப்பினார்.

"பொய் சொல்லச் சொல்லல. நீங்க நீந்துவீங்கல்லா? எத்தன பாகம் ஆழத்துக்குப் போயி சங்கு எடுத்த ஆளு. ஒரு சின்ன அலை ஒங்கள என்ன செஞ்சுரும்? இந்த ஊருக்கே தெரியும். கால் சரியில்லன்னா என்ன, கை இருக்குல்லா? வத்தையப் பிடிச்சுக்கிட்டு மெதந்துருப்பீய. நான் அதத்தான நெனச்சேன்."

மாமா கை நின்றது. என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். மண்ணில் விழுந்த எதையோ தேடுகிற மாதிரி பார்த்தார். பிறகு மறுபடியும் தேய்க்கத் தொடங்கினார்.

நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் போல. எதை என்று தெரியவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

கூட்டம் ஐந்து மணிக்கு. இப்போது நாலரை.

மாமாவின் வேட்டியையும் வெள்ளைச் சட்டையையும் தேய்த்து நாற்காலியில் போட்டு வைத்திருக்கிறேன். மாமி ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்துவிட்டது போல. காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள். இந்த வீட்டில் என் பக்கம் யாரும் இல்லை. எனக்கு அது ஒன்றும் புதிதில்லை.

ஜெசிந்தா கார் கிளப்புக்குப் போவதை ஜன்னல் வழியே பார்த்தேன். முன் சீட்டில் அவள் அப்பா. அவருக்கு இன்று சந்தோஷம்தான். யார் ஜெயித்தாலும் லாஞ்சைப் பற்றி யாரும் பேசப் போவதில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் உண்மை அதுதான், அதற்கு நான் என்ன செய்ய?

மாமா பின்னால்தான் இருக்கிறார். உப்புத்தாள் சத்தம் கேட்கிறது. விரிசலின் ஓரம் எப்போதோ வழவழவென்று ஆகிவிட்டது, இன்னும் தேய்க்கிறார்.

வாசலில் நின்று கூப்பிட்டேன்.

"மாமா, நேரமாச்சு."

சத்தம் நிற்கவில்லை.

"சட்டை எடுத்து வச்சிருக்கேன்."

நிற்கவில்லை.

போய் அவர் முன்னால் நின்றேன். என் நிழல் வத்தை மேல் விழுந்தது. நிழல் விழுந்த இடத்தை விட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளித் தேய்த்தார்.

"வாரீங்களா, இல்லையா? வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா."